பெயரில்லாச் சுறாவும் கணக்கில்லாக் காற்றும்

நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களை எழுதுக என்னும் வினாவுக்குத் தமிழ் மாணவர் தயங்காமல் விடை எழுதுவர். தெய்வம் வருணன், மக்கள் பரதவர், விலங்கு சுறா. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தச் சுறா இன்று எங்கே இருக்கிறது, எத்தனை எஞ்சியிருக்கிறது, அதன் ஊனில் என்ன கலந்திருக்கிறது என்று வினாத்தாள் கேட்பதில்லை. வினாத்தாள் கேட்காததால் வகுப்பறையும் கேட்பதில்லை.

'அவையெல்லாம் அறிவியல் பாடத்துக்கு உரியவை. தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை?' என்று ஒதுங்குவோர் பலர். இந்த ஒதுக்கம் அடக்கம்போலத் தோன்றும். உண்மையில் இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியே ஆகும். ஏனெனில், பினாங்குக் கடலின் சுறாவுக்கும் பினாங்கு வானின் காற்றுக்கும் நேர்ந்த கேட்டில் ஒரு பாதி சொல்லில் நேர்ந்த கேடு. ஒன்றன் பெயர் மறைந்தது. மற்றொன்றன் எண் மறைக்கப்பட்டது. பெயரும் எண்ணும் இழந்த பொருளைக் காப்பதற்கு எந்தச் சட்டத்தாலும் இயலாது. எழுத்தையும் எண்ணையும் இரு கண்களாகக் கற்பிப்பவர் இதிலிருந்து விலகி நிற்க உரிமை இல்லாதவர்.

பெயர் இழந்த மீன்

மலேசியக் கடற்பரப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் பதிவாகியுள்ளன. கரையில் அவை அனைத்துக்கும் ஒரே பெயர்தான். பெரிய சுறா சந்தைக்கு வரும்போது துண்டுகளாகவே வருகிறது. தலை இராது, துடுப்பு இராது. வாங்குபவர் 'சுறா' என்பார். விற்பவர் 'யூ' என்பார். மீன்பிடிப் புள்ளிவிவரங்களும் நெடுங்காலம் இதே வழியில் நடந்தன. சுறா எல்லாம் 'யூ' என்னும் ஒரு கட்டத்தில். திருக்கை எல்லாம் 'பாரி' என்னும் மற்றொரு கட்டத்தில். அவற்றின் எதிரே எடை. அண்மைக் காலத்தில் சில இறங்குதுறைகளில் இனவாரியாகப் பதியும் முயற்சி தொடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முற்பட்ட பல்லாண்டுக் கணக்கை இனி எவராலும் பிரித்தெழுத முடியாது.

இதனால் என்ன கேடு? ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்களே இல்லாமல் 'இன்று முப்பது பேர்' என்று மட்டும் எழுதப்படுவதாகக் கொள்க. ஒரு மாணவி நின்றுவிடுகிறாள். அவள் இடத்தில் வேறொரு சிறுவன் வந்து அமர்கிறான். பதிவேடு 'முப்பது' என்றே சொல்லும். நின்றுபோனவள் யார், ஏன் நின்றாள் என்று எவரும் தேடார். சுறாக் கணக்கும் அத்தகையதே. பெரிய இனம் ஒன்று அருகிப்போனால் சிறிய இனங்கள் மிகுதியாகப் பிடிபட்டு எடையை நிரப்பிவிடும். கூட்டுத்தொகை அசையாமல் நிற்கும், கடல் வெறுமையாகும்.

தமிழ் இத்தகைய மங்கலான மொழியன்று. பால் சுறா, கொம்பன் சுறா, வேளா, உழுவை, திருக்கை எனக் கடலோரத் தமிழர் பிரித்துப் பெயரிட்டனர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் வழிபாட்டைச் சொல்லுமிடத்தில், சுறாவின் கொம்பை நட்டு வணங்கினர் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சினைகொண்ட சுறாவின் கொம்பு என்று குறிக்கிறது. எந்த மீன், எந்த நிலையில் இருந்த மீன் என்பதுவரை அப்புலவர் கண்டிருக்கிறார். கொம்பு என்றது வேளாமீனின் வாள்போன்ற முகநீட்சியாகலாம். அந்த வேளாமீன் இன்று மலாக்கா நீரிணையில் காண்பதற்கே அரிது. சினையின் அருமை அறிந்து பாடிய மொழியின் மக்கள், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னர், சுறாவென்றால் சுறாதானே என்று கேட்கும் நிலைக்கு இறங்கியிருக்கின்றனர்.

சினை என்னும் அச்சொல்லிலேதான் சுறாவின் வாழ்வும் அழிவும் அடங்கியுள்ளன. கெம்போங் மீன் ஆயிரமாயிரமாய் முட்டையிடும். வலை அள்ளியது போக மிஞ்சியவை மீண்டும் கடலை நிரப்பும். சுறா அவ்வாறு பெருகுவதில்லை. சிறிய இனமான பால் சுறாகூட ஏறத்தாழ ஓராண்டு கருச்சுமந்து சில குட்டிகளையே ஈனுகிறது. பெரிய இனங்கள் பருவமெய்தவே பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு சினைச் சுறா பிடிபடுவது ஒரு தலைமுறை பிடிபடுவதற்கு ஒப்பாகும். கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலைக்கோ சினையும் தெரியாது, குட்டியும் தெரியாது. 1970ஆம் ஆண்டு முதல் அரை நூற்றாண்டுக்குள் உலகப் பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கைகளின் தொகை 71 விழுக்காடு குறைந்துவிட்டதென 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக அதே ஆண்டில் வெளியான மற்றொரு மதிப்பீடு கூறிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் மீன்வள விதிகள் திமிங்கிலச் சுறாவுக்குப் பாதுகாப்பு அளித்தன. 2019ஆம் ஆண்டில் அப்பட்டியல் விரிந்தது. பெருங்கொம்பன், வழுவழுப்புக் கொம்பன், சிறகுத்தலைச் சுறா, வெண்முனைப் பெருங்கடற்சுறா ஆகிய நான்கும் இரு வகை மந்தா திருக்கைகளும் சேர்க்கப்பட்டன. வரவேற்கத்தக்க செயலே. ஆனால் கொம்பன் இனங்களுள் அலைநுதற் கொம்பன் அந்த விரிவில் இடம்பெறவில்லை. அதுவோ உலக அளவில் மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்ட இனம். மேலும், தலையும் துடுப்பும் நீங்கித் துண்டாகக் கிடக்கும் ஊனைக் கண்டு இது பட்டியலில் உள்ள கொம்பனா இல்லாத கொம்பனா என்று எந்த அதிகாரி சொல்வார்? பெயர் தெரியாத சந்தையில் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் கைகட்டித்தான் நிற்கும்.

மறைக்கப்பட்ட எண்

திமிங்கிலச் சுறாவுக்குப் பாதுகாப்பு வந்த அதே 1999ஆம் ஆண்டில்தான் மலேசிய மக்களிடமிருந்து காற்றின் எண் பறிக்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1997ஆம் ஆண்டு செப்டம்பரில், காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐக் கடந்தது. அக்குறியீட்டில் 100ஐத் தாண்டினாலே உடல்நலத்துக்குக் கேடு. 300ஐத் தாண்டினால் பேராபத்து. அத்தகைய பட்டறிவுக்குப் பின் அரசு செய்திருக்க வேண்டியது எண்களை இன்னும் விரைவாக, இன்னும் விரிவாக வெளியிடுவதே. நடந்ததோ நேர்மாறு. சுற்றுலாப் பயணிகள் அஞ்சி வராமற் போவர் என்னும் காரணத்தால் 1999 முதல் அளவீடுகள் வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்டன. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் புகையில் மூழ்கி நெருக்கடிநிலை வந்தபோதுதான் அந்தத் திரை விலகிற்று.

ஆறாண்டுகள்! அந்த ஆறாண்டுகளிலும் கருவிகள் இயங்கின; எண்கள் பிறந்தன; மூச்சிழுத்தவருக்கு மட்டும் அவை சொல்லப்படவில்லை. இளைப்பு நோயுள்ள குழந்தையை இன்று திடலுக்கு அனுப்பலாமா என்று ஓர் ஆசிரியர் முடிவெடுக்க வேண்டிய காலையில், அந்த முடிவுக்குரிய எண் எங்கோ ஒரு கோப்பில் பூட்டிக் கிடந்தது. பயணி அஞ்சக்கூடாது என்பதற்காகக் குடிமகன் அறியக்கூடாது என்றாயிற்று.

இன்று எண்கள் மணிதோறும் வெளிவருகின்றன. பினாங்கில் மிண்டன், பாலேக் பூலாவ், செபராங் ஜெயா, செபராங் பிறை ஆகிய இடங்களில் சுற்றுச்சூழல் துறையின் அளவை நிலையங்கள் உள்ளன. கருவிகளின் நுட்பம் வியக்கத்தக்கது. கந்தக ஈராக்சைடு கலந்த காற்றின்மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் அவ்வாயு ஒளிரும். ஒளிர்வின் அளவு வாயுவின் அளவைக் காட்டும். நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு சேர்ந்து வெளியிடும் ஒளியைக் கொண்டு நைட்ரசன் ஆக்சைடுகளை அளப்பர். கரிம ஓராக்சைடு அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் அளவைக் கொண்டு அதன் தொகையை அறிவர். கருவியில் பழுதில்லை. பழுது, அந்த எண்ணைக் கண்டதும் சிந்தனையை நிறுத்திவிடும் பழக்கத்தில் இருக்கிறது.

குறியீடு ஆறு பொருள்களை மட்டுமே கணக்கிலெடுக்கிறது: கந்தக ஈராக்சைடு, நைட்ரசன் ஈராக்சைடு, கரிம ஓராக்சைடு, ஓசோன், இரு வகை நுண்துகள்கள். இவற்றுள் எது உச்சமோ அதுவே அன்றைய குறியீடு. மிக நுண்ணிய துகள், அதாவது நுரையீரலின் அடியாழம்வரை செல்லும் துகள், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை அக்கணக்கில் இல்லை. அதுவரை மக்கள் அதனைச் சுவாசிக்கவில்லையா? சுவாசித்தனர், குறியீடுதான் அதைச் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த ஆவி பள்ளி மாணவரை வீழ்த்தியது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர்; நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய ஆவிகள் ஆறு பொருள் குறியீட்டுக்குள் அடங்குவன அல்ல. பிறைத் தொழிற்பேட்டையின் அருகே தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பினாங்கு மாநிலத்துக்கு இது வேற்றூர்ச் செய்தியன்று. 'குறியீடு மிதம்' என்னும் சொல் ஆறு பொருள்களைப் பற்றிய வாக்குமூலமே அன்றிக் காற்று முழுவதற்கும் அளித்த நற்சான்றிதழ் அன்று.

காற்றிலிருந்து கடலுக்கு

சுறாவுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள உறவு வெறும் உவமை உறவன்று. அதற்குச் சான்று பாதரசம். நிலக்கரியில் பாதரசம் இயற்கையிலேயே கலந்திருக்கிறது. நிலக்கரியை எரித்தால் அது ஆவியாகிப் புகையோடு வெளியேறும். மாதக்கணக்கில் காற்றில் அலைந்து, நாடுகடந்தும் சென்று, இறுதியில் நிலத்திலும் கடலிலும் படியும். மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பினாங்குக்குத் தெற்கே, அதே மலாக்கா நீரிணையின் கரையில், பேராக் மஞ்சோங்கில் ஒரு பெரும் நிலக்கரி மின்நிலையம் உள்ளது. நீரிணையில் படியும் பாதரசம் எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று ஒன்றைச் சுட்டுவது அறிவியலாகாது. அது உலகெங்கும் எரியும் அடுப்புகளின் கூட்டுச் சேமிப்பு. ஆலைப் புகைபோக்கிகளுக்குத் தனி விதிகள் உண்டு. ஆயினும் மக்கள் காணும் குறியீட்டில் பாதரசத்துக்கு இடமில்லை.

கடலில் படிந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் ஏறுகிறது. உட்கொள்ளப்படும் வேகத்தில் வெளியேறுவதில்லை. நீரில் இருந்ததைக் காட்டிலும் பத்து இலட்சம் மடங்குவரை அது வேட்டைமீனின் ஊனில் செறியக்கூடும். நெடுநாள் வாழ்ந்து, பிற மீன்களைத் தின்று, சங்கிலியின் உச்சியில் நிற்பது சுறா. ஆகவே குறியீட்டுப் பலகை சொல்லாத எண்ணைச் சுறாவின் ஊன் எழுதி வைத்திருக்கிறது.

சித்தர்கள் பாதரசத்தைப் பொன்னாக்க முயன்றனர் என்பது தமிழர் அறிந்த கதை. இன்றைய ஆய்வுக்கூடத்தில் பொன்னைக் கொண்டே காற்றிலுள்ள பாதரசத்தைப் பிடிக்கின்றனர். மெல்லிய பொற்படலத்தின்மேல் காற்றைச் செலுத்தினால் பாதரசம் பொன்னோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சூடாக்கி வெளியேற்றி அளப்பர். அளக்க வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. அளந்ததை இன்ன மீன், இன்ன துறை, இன்ன அளவு என்று சந்தைக்கு வருவோர் மொழியில் சொல்வதுதான் இல்லை.

சொல்லாமைக்கு உலகம் கொடுத்த விலை சிறிதன்று. ஜப்பானின் மினமாதாவில் 1956ஆம் ஆண்டில் நோய் வெளிப்பட்டது. 1959ஆம் ஆண்டில் குமமோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாதரசமே காரணமென்றனர். ஆலைக் கழிவோ 1968ஆம் ஆண்டுவரை கடலில் கலந்தது. காரணம் தெரிந்த பிறகும் ஒன்பதாண்டுகள் மக்கள் அம்மீனை உண்டனர். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டில் நிறைவேறிய உலக உடன்படிக்கை அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நான்கு மறுப்புகள்

முதல் மறுப்பு: 'சுறாத் துடுப்புச் சூப்பு சீனர் விருந்து, தமிழருக்கு இதில் பங்கில்லை.' வசதியான மறுப்பு. மலேசியக் கரைக்குச் சுறா பெரும்பாலும் முழு உடலோடுதான் வருகிறது. துடுப்பு விருந்துக்குப் போகும். ஊன் எல்லா இனத்தார் அடுப்புக்கும் போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் தமிழர் வழக்கம். அயலார் கிண்ணத்தைச் சுட்டும் விரல் சொந்தச் சட்டியையும் ஒருமுறை சுட்டட்டும்.

இரண்டாம் மறுப்பு: 'பாட்டிமார் காலத்து மருந்துணவைக் குறை சொல்லலாமா?' பாட்டிமார் தேடியது பால் சுறாவை, சிறு மீனை, அதுவும் நிலக்கரிப் புகை கடலில் இவ்வளவு படியாத காலத்தில். இன்று பேத்தியின் தட்டுக்கு வருவது பெயர் அறியாத துண்டு. அது சிறிய பால் சுறாவா, பல்லாண்டு வாழ்ந்து பாதரசம் செறிந்த பெருஞ்சுறாவா என்று பாட்டியாலும் சொல்ல முடியாது. மெதில் பாதரசம் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்துத் துறை அறிவுறுத்துகிறது. பன்னாட்டு உணவுத் தர ஆணையம் 2018ஆம் ஆண்டில் சுறாவுக்கு வகுத்த உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெதில் பாதரசம். தாய்க்கு நலந்தர வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உயிர். உயிரைக் காப்பதற்காக உடையை மாற்றுவது மரபுக்குத் துரோகம் ஆகாது. நஞ்சே இல்லாவிடினும், சினைச் சுறாவை ஈடுசெய்யக் கடலால் இயலவில்லை என்னும் காரணம் ஒன்றே கைவிடுவதற்குப் போதும்.

மூன்றாம் மறுப்பு: 'மீனவர் பிழைப்பைக் கெடுக்கலாமா?' பினாங்கின் சிறுபடகு மீனவரைக் கேட்டால், தங்கள் பிழைப்பைக் கெடுத்தவை இழுவை மடியும் ஆலைக் கழிவுமே என்பர். 1970ஆம் ஆண்டுகளில் கோல ஜூரு மீனவர், பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் தங்கள் ஆறு கெட்டதை எந்தக் கருவியும் இல்லாமல் கண்டறிந்து குரல் கொடுத்தனர். எஸ்.எம். முகமது இதிரிசின் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அக்குரலை நாடறியச் செய்தது. 1977ஆம் ஆண்டில் சகாபாட் ஆலாம் மலேசியா இயக்கமும் அதே ஊரில் தோன்றிற்று. கடலைக் காக்கும் போராட்டத்தில் மீனவரை எதிரியாக நிறுத்துவோர் வரலாறு அறியாதவர். இனம் பிரித்துப் பதியும் வேலைக்கு மீனவரைக் காட்டிலும் தகுந்த ஆசிரியரும் இல்லை.

நான்காம் மறுப்பு, தொடக்கத்தில் சொன்னது: 'இது தமிழின் வேலையன்று.' அவ்வாறாயின் எது தமிழின் வேலை? இல்லாத சுறாவைத் தேர்வுத்தாளில் எழுதச் செய்வதா? வெளிநாட்டு விலங்குகளின் பெயரெல்லாம் அறிந்த மாணவன், வீட்டுச் சட்டியில் கொதிக்கும் மீனின் பெயரை அறியாமல் வளர்வதா? நெய்தல் கற்பிப்பவர் கடலைக் கற்பிக்காவிட்டால், அவர் கற்பிப்பது நெய்தலின் நிழலை மட்டுமே.

செய்யத்தக்கவை

தேவையானவை பெருஞ்செலவு கோருவன அல்ல. கருப்பொருள் பாடத்தின்போதே கடலோரத் தமிழர் வழங்கிய சுறாப் பெயர்களையும் அவற்றின் மலாய்ப் பெயர்களையும் மாணவர் எழுதிப் பழகலாம். நாளேட்டில் குறியீட்டு எண்ணைக் காணும்போது 'எவ்வளவு' என்பதோடு நில்லாமல் 'எந்தப் பொருளின் அளவு, எந்த நிலையத்தின் அளவு, எதை விட்டுவிட்ட அளவு' என்று கேட்கப் பழகலாம். ஒரு கட்டுரைப் பயிற்சி மீன்வளத் துறைக்கு எழுதும் விண்ணப்பமாக அமையலாம்: சந்தையில் விற்கும் சுறாவின் இனப்பெயரும் அதன் பாதரச அளவும் துறைவாரியாகவும் ஆண்டுதோறும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடப்பட வேண்டும் என்று. நல்ல விண்ணப்பக் கடிதத்துக்கு இலக்கணமும் வேண்டும், காரணமும் வேண்டும். இரண்டையும் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

1999இல் காற்றின் எண் மறைக்கப்பட்டபோது அதைக் கேட்டு எழுந்த குரல்கள் மிகச் சிலவே. மறைத்தவர் குற்றம் ஒருபுறம் இருக்க, கேட்காதவர் மௌனமும் அந்த ஆறாண்டுக்கு உடந்தையாயிற்று. சுறாவின் பெயரும் அதன் ஊனிலுள்ள எண்ணும் இன்றும் கேட்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்கும் தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு வகுப்பறைக்கு உரியது. தமிழ் வகுப்பறை அதற்கு விலக்கன்று.